இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி குதிரை

1996 பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் இரண்டு கால்சட்டைக்கு ஜிப் மாற்றினேன். தபால் நிலையத்து அம்மாவின் கோட்டுக்குப் பொத்தான் தைத்தேன். மதியம் வரைக்கும் நல்ல நாள்தான்.

டோஃபு வண்டிக்கார ஹாவ் கடை வாசலில் நின்றார். சின்னவள் தௌதௌ கிண்ணத்தை நீட்டினாள். வழக்கம்போலக் கேட்டார்: "கண்ணு, நீ என்ன வருஷத்துப் பிள்ளை?"

"குதிரை."

"அக்கா நிங்நிங்?"

"அவ டிராகன்."

ஹாவ் கரண்டியைத் தூக்கினபடியே நின்றார். "ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணு டிராகன், ஒண்ணு குதிரையா? நடுவுல இருந்த பாம்பு எங்க போச்சு?"

வருஷத்துக்கொரு மிருகம், டிராகனுக்கு அடுத்தது பாம்பு, அதற்கப்புறம்தான் குதிரை; இந்த வரிசை தெரியாதவர் உண்டா? எனக்கு வாயில் இரண்டு குண்டூசி. அப்படியே சிரித்து வைத்தேன். "அவ உதைக்கிற உதைக்கு வேற என்ன பேர் வைக்கிறது?" என்றேன். அவரும் சிரித்தார். போகும்போது எப்போதையும்விட ஒரு துண்டு டோஃபு கூடுதலாக வைத்துவிட்டுப் போனார். அது எதற்கு? ஒன்றும் புரியவில்லை என்பதற்கா, எல்லாம் புரிந்துவிட்டது என்பதற்கா?

யார் சொல்லிக் கொடுத்தது என்று விசாரித்தேன். வேறு யார். அவள் அப்பாதான். ஊருக்கே கணக்குச் சொல்லித் தருகிற வாத்தியார்.

போன வியாழன் தௌதௌவின் நிஜப் பிறந்தநாள். வருஷா வருஷம் செய்வதுபோலக் கதவைத் தாழிட்டு, திரையை இழுத்துவிட்டு, ஆயுசு நீள ஆளுக்கொரு கிண்ணம் நீள நூடுல்ஸ் சாப்பிட்டோம். நான் பாத்திரம் கழுவப் போன நேரத்தில் மனுஷன் அவளை மடியில் வைத்துக்கொண்டு, "அப்பாவோட தங்கக் குதிரை" என்றிருக்கிறார். "ஆறு வயசாச்சு லியான், தான் யாருன்னு பிள்ளைக்குத் தெரிய வேணாமா?" என்கிறார் என்னிடம். தெரியட்டும். வேலை போய், பள்ளிக்கூடம் கொடுத்த இந்த வீடும் போய், நாலு பேரும் ஆற்றங்கரையில் நிற்கும்போது நிதானமாகத் தெரிந்துகொள்ளட்டும்.

பேசவில்லை இன்றைக்கு அவரோடு. சூப்பில் உப்பு மட்டும் சரியாகப் போட்டேன், அது என் பெருந்தன்மை.

பிப்ரவரி 28

கோபம் ஆறிவிட்டது. யோசித்தால் எல்லாம் எங்கள் சோம்பேறித்தனத்தில் ஆரம்பித்ததுதான்.

நிங்நிங் பிறந்தது 89 ஜனவரி, டிராகன் வருஷத்தின் கடைசி நாட்களில்; நிலாக் கணக்குப் புத்தாண்டு வர இன்னும் சில நாள் இருந்தது. மலை மேலே பள்ளிக்கூடம், இடுப்பளவு பனி, பதிவு அலுவலகத்துக்கு இறங்கிப் போக ஒரு பகல். பனி உருகட்டும் என்றோம். உருகியது. நாற்று நடவு முடியட்டும் என்றோம். அதற்குள் எனக்கு வாந்தி ஆரம்பித்துவிட்டது. சர்க்காரில் சம்பளம் வாங்க ஆசைப்படுகிற வாத்தியாருக்கு ஒரு பிள்ளைக்கு மேல் கூடாது. நான் அழுதேன். அவர் மூன்று நாள் தூங்கவில்லை. கீழே போய்க் கலைத்துவிட்டு வருகிறேன் என்று நானேகூட ஒருமுறை கிளம்பினேன், பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன்.

மறு வருஷம் பிப்ரவரியில் தௌதௌ வந்தாள். இடையில் பதிமூன்றே மாதம், ஆனால் நடுவில் ஒரு பாம்பு வருஷம் முழுசாக ஓடிப் போயிருந்தது. கிராமத்து எழுத்தர்தான் வழி சொன்னார்: "பெரியவளையும் இன்னும் பதியல இல்ல? ஒரே பிரசவம், ரெட்டைன்னு எழுதிடலாம். எனக்கும் பேனாவுல ஒரு தடவை மை ஊத்தினா போதும்." இரட்டை பிறந்தால் யார்மேலும் குற்றமில்லை. இருவருக்கும் பெரியவளின் தேதியையே போட்டார். காகிதத்தில் இருவருமே டிராகன். 92-ல் வாத்தியார் நிரந்தரமாகி இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது இரட்டைப் பிள்ளைகளோடு வந்து இறங்கினோம்.

நாலு வருஷம் தடங்கலில்லாமல் ஓடியது. இனிமேல்தான் கஷ்டம். வயதைக் கேட்டால் பொய் சொல்லப் பழக்கிவிடலாம். இந்த ஊரில் ஒருத்தரும் குழந்தையிடம் வயதைக் கேட்கக் காணோம், மிருகத்தைத்தான் கேட்கிறார்கள்.

மார்ச் 3

ஒத்திகை. "நீ என்ன வருஷம்?" "குதிரை." "டிராகன்னு சொன்னா மிட்டாய்." மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, "டிராகன். ஆனா குதிரை."

மார்ச் 4

மிட்டாய் தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 9

இரண்டு பேருக்கும் வசந்தகாலச் சட்டை. ஒரே பச்சைப் பூத் துணி, ஒரே அளவில் வெட்டினேன். இரட்டைக்கு வேறென்ன செய்ய முடியும்? தௌதௌ சட்டையில் மட்டும் கையிலும் கீழேயும் மூன்று விரல் மடிப்பு உள்ளே. வெளியே தெரியாது. என் தையலில் எனக்கு அந்தத் திமிர் உண்டு.

மடிப்புத் தைத்துக்கொண்டிருக்கும்போது கோங் அக்கா வந்து நின்றாள். மிதிவண்டி மணிச் சத்தம் கேட்டாலே எங்கள் சந்தில் பாதிக் கதவு சாத்திக்கொள்ளும். தெருக் கமிட்டியில் பிறப்புக் கட்டுப்பாடு அவள் பொறுப்பு. யாருக்கு எந்த மாதம் தள்ளிப்போனது என்று புருஷனுக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கும். கையில் நோட்டு, தோளில் தேநீர் ஃபிளாஸ்க், பேச ஆரம்பித்தால் அக்கரைக்குக் கேட்கும்.

"பரிசோதனைக்கு வெள்ளிக்கிழமை வந்துடு லியான். போன தடவ மாதிரி தையல் இருக்குன்னு சாக்கு சொல்லாத. அப்புறம் இந்தக் கால்சட்டை இடுப்பைக் கொஞ்சம் விட்டுக் கொடு. நான் பெருக்கல, துணி சுருங்கிப்போச்சு."

மேஜைமேல் இருந்த இரண்டு சட்டையையும் எடுத்துப் பார்த்தாள். ஒன்றின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"ரெட்டையில ஒண்ணு எப்பவும் கொஞ்சம் குட்டையாத்தான் இருக்கும்," என்றாள். "சின்னதுக்கு நிறைய முட்டை கொடு."

அப்பாடா. அவளே அப்படிச் சொன்னபிறகு எனக்கென்ன? இடுப்பை இரண்டு விரல் விட்டுக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை.

மே 20

நிங்நிங்குக்குக் கீழ்ப் பல் விழுந்துவிட்டது. அப்பாவும் பெண்ணும் வாசலில் நின்று கூரைமேல் எறிந்தார்கள். கீழ்ப் பல்லைக் கூரையில் எறிந்தால்தானே நேராக முளைக்கும். தௌதௌ பார்த்துக்கொண்டே நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரே அலறல். என் பொத்தான் நூலில் ஒரு முனை கதவுப் பிடியில், மறுமுனை அவள் பல்லில். ஆடாத பல். "நானும் ரெட்டைதானே, எனக்கும் விழணும் இல்ல?" என்று அழுகிறாள். மிருகத்தில் குதிரை, பல்லில் இரட்டை. நல்ல பெண்ணைப் பெற்றேன்.

பொத்தான் நூல் அறுந்தது. பல்லுக்கு ஒன்றுமில்லை. உறுதியான பரம்பரை.

ஜூன் 22

செப்டம்பரில் இருவரும் ஒன்றாம் வகுப்பு. சேர்க்கைக்கு முன்னால் பிறப்புக் கணக்கைச் சரிபார்க்க மேலிடத்திலிருந்து ஒரு குழு வருகிறதாம், ஜூலையில். வீடு வீடாகப் பார்ப்பார்களாம். குழந்தைகளைத் தனியாக நிறுத்திக் கேட்பார்களாம் — பெரியவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எவ்வளவு புத்திசாலிகள்.

எதிர் வீட்டு ஷுயே கதவு இன்றும் மூடித்தான் கிடக்கிறது. போன வருஷம் ஐந்து மாசக் கர்ப்பத்தைக் கலைக்க அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். கூட்டிப்போனது கோங் அக்காதான். திரும்பி வந்தபின் ஒருமாதம் அவள் வெளியே வரவில்லை. கோங் அக்கா தினம் ஒரு கோழிச் சூப்பை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். தினமும் அது அப்படியே இருந்தது. இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டில் நான் எழுதின சிரிப்பெல்லாம் பொய்யாகிவிடும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியே எழுதி வைக்கிறேன்: பயமா இருக்கு.

ஜூலை 15

நாளைக்கு. வாத்தியார் வீட்டைக் கூட்டினார். மறுபடி கூட்டினார். "கூட்டினா தூசி போகும், குதிரை போகுமா?" என்றேன். "நான் சொல்லாம இருந்திருக்கணும்," என்றார். நாலரை மாசம் கழித்து ஒப்புக்கொள்கிறார். பாவமாக இருந்தது. முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

ஜூலை 16, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு வந்தார்கள். கண்ணாடி போட்ட தலைவர், கூட இரண்டு பேர், வழிகாட்ட கோங் அக்கா. எனக்கும் வாத்தியாருக்கும் கடையோரம் நிற்க உத்தரவு. பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தினார்கள். ஒரே பச்சைப் பூச் சட்டை, ஒரே சடை, ஒரே ரிப்பன். கண்ணாடிக்காரர் குனிந்து, சின்னவளிடமே கேட்டார் — எப்படித்தான் தெரியுமோ, முதலில் சின்னவளிடம்.

"பாப்பா, நீ என்ன வருஷத்துப் பிள்ளை?"

தௌதௌ என்னைப் பார்த்தாள். மிட்டாயை நினைத்தாள் என்று நினைக்கிறேன். வாயைத் திறந்தாள்.

"குதிரை."

வாத்தியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் நோட்டைப் பார்த்தார், பிறகு நிங்நிங் பக்கம் திரும்பினார். "நீ?"

இந்த இடத்தில் நிங்நிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குத் தான் டிராகன் என்பதில் இருக்கிற கர்வம் இந்த மாகாணத்தில் யாருக்கும் கிடையாது. சண்டை வந்தால், "நான் டிராகன், நீ வெறும் குதிரை, நான் பறப்பேன்" என்பாள். ஒத்திகையில் ஒருமுறைகூடத் தப்பாகச் சொல்லாதவள். அவள் இப்போது 'டிராகன்' என்று சரியாகச் சொன்னால் எங்கள் கதை முடிந்தது.

தங்கையைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்க்கவில்லை. தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குதிரை," என்றாள். "நாங்க ரெண்டு பேரும் குதிரை. நாங்க ரெட்டை."

கண்ணாடிக்காரர் மறுபடி நோட்டைப் புரட்டினார். "89ன்னு போட்டிருக்கு. 89 பாம்பு இல்ல?"

கூட வந்தவர், "ஜனவரி சார். நிலாப் புத்தாண்டுக்கு முன்னாடி. அப்ப டிராகன்," என்றார்.

"பிள்ளைங்க குதிரைங்குதே?"

கோங் அக்கா ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தாள். "பிள்ளைங்க சொல்றதை எழுதுறதா இருந்தா போன தெருவுல ஒருத்தன் தன்னை லாரின்னு சொன்னான், அதையும் எழுதிக்குங்க. இதுங்க ரெண்டும் நாள் முழுக்க இந்தச் சந்துல குதிரை ஓட்டுதுங்க. என் மிதிவண்டியை ரெண்டு தடவ மறிச்சிருக்குதுங்க."

"மூணு மிருகம் ஆயிடுச்சு," என்றார் கண்ணாடிக்காரர். வெயில் ஏறியிருந்தது, அவருக்கு முதுகெல்லாம் வேர்வை. "ரெண்டும் ஒண்ணாத்தானே சொல்லுது? ரெட்டைதான். அடுத்த வீடு."

இவ்வளவுதான். எட்டு நிமிஷம். வாத்தியார் பத்துவரை எண்ணிவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். கணக்கு வாத்தியார், எதையாவது எண்ணாமல் உட்கார வராது.

சாயங்காலம் நிங்நிங் சாப்பிடவில்லை. கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். "அம்மா, நோட்டுல எழுதிட்டாங்களா? என் டிராகன் போயிடுச்சா?"

அந்த ஒரு கேள்வியில் நான் உடைந்தேன். ஏழு வயசுப் பெண், தன்னிடம் இருந்த ஒரே பெரிய சொத்தைத் தூக்கித் தங்கைக்காகக் கொடுத்துவிட்டு வந்து கட்டிலுக்கடியில் அழுகிறது. நானும் உள்ளே நுழைந்து படுத்தேன். "போகல கண்ணு. யாராலயும் எடுக்க முடியாது." வாத்தியாரும் நுழையப் பார்த்தார், இடமில்லை. தௌதௌ மட்டும் வழி கண்டுபிடித்து வந்து நடுவில் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 18

நிங்நிங்கின் பச்சைச் சட்டைக்கு உள்பக்கம், நெஞ்சுக்கு நேரே, மஞ்சள் நூலில் ஒரு சின்ன டிராகன் தைத்துக் கொடுத்தேன். வெளியே தெரியாது. அரைமணிக்கொருதரம் சட்டையை இழுத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.

செப்டம்பர் 2

முதல் நாள் பள்ளி. ஒரே பெஞ்சு. மூன்றாவது பாடத்தில் தௌதௌ தூங்கிவிட்டாளாம். டீச்சர் எழுப்பப் போனபோது, "எழுப்பாதீங்க டீச்சர், அவளுக்குச் சேர்த்து நான் கேட்டுக்கிறேன்" என்றாளாம் நிங்நிங்.

2000 பிப்ரவரி 4

நூல் பெட்டியைக் கவிழ்த்தபோது இந்த நோட்டு கிடைத்தது. மூன்றரை வருஷமாக எழுதவில்லை. பாதிக்குமேல் வெள்ளையாகக் கிடக்கிறது. வாங்கின காகிதத்தை வீணாக்கக் கூடாது.

பன்னிரண்டு மிருகமும் ஒரு சுற்று வந்து நாளை மறுபடி டிராகன் வருஷம் பிறக்கிறது. சொந்த வருஷத்தில் சிவப்பு இல்லாமல் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது, பீடை பிடிக்கும். இரண்டு சிவப்பு இடுப்புக் கச்சை தைத்தேன், ஊர் பார்க்க இரண்டு. நிங்நிங் கட்டிக்கொண்டு சந்தின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் மூன்று நடை நடந்தாள். தௌதௌ என் காதில் வந்து, "எனக்கு இது பொய்க் கச்சை. என்னோடது இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு" என்றாள். பத்து வயசு. இப்போதெல்லாம் ரகசியமாகச் சொல்லத் தெரிந்திருக்கிறது. இன்னும் அக்காவுக்குத் தோள்வரைதான். வகுப்பில் கணக்கில் முதல், மீதி எல்லாவற்றிலும் அக்காவின் புண்ணியம்.

2002 பிப்ரவரி 11

நாளை குதிரை வருஷம்.

என்ன செய்வது? ஊர்க் கண்ணுக்கு அவள் வருஷம் போன டிராகனோடு முடிந்துவிட்டது. இப்போது மறுபடி சிவப்புக் கட்டினால் யாராவது கேட்பார்கள். கோங் அக்கா போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டாள். அந்த இடத்தில் வந்திருக்கிற சின்னப் பெண் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாளாம், கம்ப்யூட்டர் சிரித்து மழுப்பாது. வாத்தியாருக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்பது வருஷம்.

சட்டைக்கு உள்ளே கட்டுகிற மாதிரி மெல்லிசாக ஒன்று தைத்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. "இதையும் மறைச்சுத்தான் கட்டணுமா?" என்றாள் தௌதௌ. அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

பிப்ரவரி 16

கோங் அக்கா வந்தாள். மிதிவண்டி இல்லை, நடந்து. முட்டி வலியாம். கையில் ஒரு பை ஆரஞ்சு. எதிர் வீட்டு ஷுயே வாசலிலும் ஒரு பை வைத்துவிட்டு வந்ததைப் பார்த்தேன். ஷுயே கதவைத் திறந்து எடுத்துக்கொண்டதையும் பார்த்தேன். எத்தனையோ வருஷத்துக்குப்பின். இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

உட்கார்ந்து தேநீர் குடித்தாள், எங்கள் சூரியகாந்தி விதையைக் குறை சொன்னாள், வாத்தியாரின் நரையைக் கிண்டல் செய்தாள். கிளம்பும்போது கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்துத் தௌதௌ கையில் திணித்தாள்.

ஒரு ஜோடி சிவப்புக் காலுறை. ஒரே ஒரு ஜோடி.

நிங்நிங் வாயைப் பொத்திக்கொண்டாள். வாத்தியார் கையிலிருந்த விதையெல்லாம் தரையில். நான்தான் கேட்டேன்: "எப்பத்துலேர்ந்து தெரியும் அக்கா?"

"ரெட்டைன்னா ஒரு வருஷம் ஒண்ணு வளரும், மறுவருஷம் இன்னொண்ணு முந்தும். உன் வீட்டுல நாலு வருஷமா மடிப்பு ஒரே சட்டையிலதான் இருந்துச்சு. ரொம்ப நல்லா தைக்கிற லியான், அதான் கண்ணுல பட்டுச்சு."

"அப்புறம் ஏன்—"

"எழுதினதெல்லாம் எழுதியாச்சு," என்றாள். எதிர் வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். அவள் குரல் இவ்வளவு சின்னதாக இருந்து நான் கேட்டதில்லை. "எழுதாம விட்டதுல இது ஒண்ணு. வருஷாவருஷம் வளருதான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னும் முட்டை போதாது."

நன்றி சொல்வதா, ஷுயேக்காக அவளைக் கேட்பதா? படி இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன், முட்டி வலி ஆயிற்றே.

பன்னிரண்டு வயதுப் பெண் இப்படிச் செய்யக் கூடாதுதான். காலுறையைப் போட்டுக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல்வரை குதிரை ஓட்டினாள். அக்கா முன்னால் ஓடிக் கதவைத் திறந்துவிட்டாள்.

பிப்ரவரி 22, வெள்ளி

நூடுல்ஸ் அவித்தேன், ஆளுக்கு ஒரு முட்டை, தௌதௌவுக்கு இரண்டு. வாத்தியார் பழக்கத்தில் கதவைத் தாழிட எழுந்தார். பாதி வழியில் நின்று என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். வந்து உட்கார்ந்துவிட்டார்.

டோஃபு வண்டிக்கார ஹாவ் போகிற போக்கில் எட்டிப் பார்த்து, "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார். "என் பிறந்தநாள்," என்றாள் தௌதௌ, வாய் நிறைய நூடுல்ஸோடு. அவர், "தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

நல்ல குளிர். சூப் சீக்கிரம் ஆறிவிட்டது. யாரும் எழுந்து கதவைச் சாத்தவில்லை.